தவறான பெட்டியில் விழுந்த சீட்டு

எதற்கும் அவசரப்படாத என் சுகந்தி அண்ணிக்கு,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சபையின் மாத இதழுக்கு உங்களைப் பற்றி ஒரு நினைவஞ்சலி எழுதித் தரும்படி ஆயர் கேட்டார். உங்களை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் இல்லை. உங்கள் கையால் மோர் வாங்கிக் குடிக்காதவர் எவரும் இந்தச் சபையில் கிடையாது. ஆகையால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் விரும்பினால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. வேங்கிக்காலில் நம் தெருவுக்கு எதிரே நான்கு மாடி எழும்பிவிட்டது. சமையலறைச் சன்னலிலிருந்து இப்போது மலை பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதி அங்கேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டு காலைத் தேநீரைக் குடிக்கிறேன். உங்கள் மல்லிகைச் செடி உயிரோடு இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்ற மறக்கும் நாட்களில் பக்கத்து வீட்டுத் தனலட்சுமி ஊற்றிவிட்டு, அதை என்னிடம் சொல்லிக் காட்டவும் செய்கிறாள். அவளுடைய வாய் உங்களுக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆலய வாசலில் மாட்டியிருக்கும் இரண்டு மரப்பெட்டிகள் உங்களுக்கு நினைவிருக்கும். இடப்புறம் ஜெப விண்ணப்பம், வலப்புறம் ஸ்தோத்திரம். கேட்பதைச் சீட்டில் எழுதி இடப்பக்கத்திலும், கிடைத்ததற்கு நன்றியை எழுதி வலப்பக்கத்திலும் போட்டால், பிரசங்கத்துக்கு முன் ஆயர் எல்லாவற்றையும் வாசிப்பார். அண்ணன் இறந்த பிறகு நீங்களும் நானுமாக வாழ்ந்த பத்தொன்பது வருடமும் என் சீட்டுகளை நீங்கள்தான் கொண்டுபோய்ப் போட்டீர்கள். போடும்முன் பிரித்துப் படித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்யவும் தவறியதில்லை.

"இன்னா எஸ்தரு இது, கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கிற மாதிரி? 'முழங்கால் வலி, எஸ்தர்'னு ரெண்டே வார்த்தை. ஆண்டவரே, ஐயாவேன்னு ஒரு வார்த்தை கூட ஜாஸ்தியா எழுதக் கூடாதா?"

"அவருக்குத் தெரியாததை எழுதினால் போதும் அண்ணி" என்பேன். "அப்போ வெறும் காகிதத்தைப் போட வேண்டியதுதானே" என்பீர்கள். அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் என் கழுத்தின் வலப்புறத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சுண்டைக்காய் அளவில் இருந்தபோது அதை நான் பொருட்படுத்தவில்லை. நெல்லிக்காய் அளவானதும் மருத்துவரிடம் போனேன். அவர் ஊசியால் குத்திச் சிறிது எடுத்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். எழுபத்தாறு வயதில் இது பெரிய காத்திருப்பா என்று நீங்கள் கேட்கலாம். பெரியதுதான். முதல் நான்கு இரவுகள் நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுக் காகிதத்தில், "கழுத்துக் கட்டி, பரிசோதனை முடிவு – எஸ்தர்" என்று எழுதி, நானே எடுத்துப் போய் இடப்புறப் பெட்டியில் போட்டேன். நான் அறியாதது ஒன்று இருந்தது. ஆலயத்துக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய பெட்டிகளை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். நான் ஆலயத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவதில்லை. பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். பார்த்தே ஆக வேண்டிய முகங்களும் அங்கே இப்போது அதிகமில்லை.

விண்ணப்பங்கள் வாசிக்கப்பட்டன, என் பெயர் வரவில்லை. பிறகு ஸ்தோத்திரச் சீட்டுகளை எடுத்தார் ஆயர். "நம்ம எஸ்தர் அம்மா, கழுத்துக் கட்டி பரிசோதனையில வந்த நல்ல முடிவுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறாங்க!" நல்ல என்ற சொல் அவராகச் சேர்த்தது. சபை முழுவதும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் என்றது. நான் எழுந்து மறுத்திருக்க வேண்டும். அடுத்த பாட்டுக்குத்தான் எழுந்தேன்.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுச் சாலொமி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மேடம்! தனலட்சுமி அக்கா சொன்னதிலேருந்து மூணு நாளா உபவாசம் இருந்தேன், வீண் போகல!"

"என்னைக் கேட்காம யாரு உன்னை உபவாசம் இருக்கச் சொன்னது?"

"பாருங்க, இப்பவும் திட்டுறாங்க. உடம்பு நல்லாயிடுச்சுன்னு அர்த்தம்!" என்று அவள் சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மாலைக்குள் மூன்று வீடுகளிலிருந்து கேசரி வந்துவிட்டது.

அண்ணி, நான் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். சோதனை முடியும்முன்னே அளவை எழுதிவைத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டைக் கிழித்தவள். விடை வரும்முன் விடையை எழுதுவது என் அகராதியில் மோசடி. அதே மோசடியை ஒரு முழுச் சபையின் முன்னிலையில் செய்துவிட்டு, மூன்று கிண்ணம் கேசரியுடன் உட்கார்ந்திருந்தேன்.

முந்திரி தாராளமாக இருந்த கிண்ணத்தைத் தனலட்சுமியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏன் டீச்சர், எங்க சாமிக்கு வேண்டிக்குவோம், நடந்தப்புறம் மொட்டை போடுவோம். உங்க சாமி அட்வான்ஸாவே வாங்கிக்கினாரா?"

"அது தப்பாப் போயிடுச்சுடி. திருத்தணும்."

"இன்னாத்துக்குத் திருத்தறது? குடுத்ததைத் திரும்பக் கேப்பாங்களா யாராவது?"

பேராசிரியையை டீச்சர் என்று அழைக்கக் கூடாது என்று அவளுக்கு இருபது வருடமாகச் சொல்கிறேன். அன்று சொல்லத் தோன்றவில்லை. அன்றிரவு தூங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அதை அற்புதம் என்று நான் சொல்லமாட்டேன். அவமானம் வந்து பயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனாலும் தூங்கினேன்.

உங்களை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். உங்கள் கடைசி நோயின்போது பதினாறு வாரம் நாம் சீட்டுப் போட்டோம். கடைசி ஐந்து வாரம் உங்களால் ஆலயத்துக்கு வர முடியாமல், நானே முதல்முறையாகப் பெட்டிவரை நடந்தேன். அந்த ஐந்து சீட்டில் மட்டும் நான் முழு வாக்கியம் எழுதினேன். ஆண்டவரே என்றுகூட எழுதினேன். நீங்கள் பிழைக்கவில்லை. ஒரு வருடம் நான் எந்தப் பெட்டியின் பக்கமும் போகவில்லை. அது உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் போவதற்கு முந்தின வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். பச்சை வேர்க்கடலையை அவித்து உங்கள் பக்கத்தில் வைத்தார். உங்களால் சாப்பிட முடியவில்லை. வாசனை போதும் என்றீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, இத்தனை கேட்டும் என்ன பயன் என்று முணுமுணுத்தேன். உங்களுக்குக் கேட்டுவிட்டது.

"கேட்டேன். கேட்டுக்கினாரு. குடுக்கறதும் கம்மி பண்றதும் அவர் இஷ்டம். நீ இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கே? கடலை ஆறுது பாரு, சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். உங்கள் பேச்சை அப்போது நான் ஏற்கவில்லை. நோயாளியின் களைப்பு என்று ஒதுக்கிவிட்டேன். நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் வந்ததென்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு யார் சொல்வது?

புதன்கிழமை ஆயரைப் பார்க்கப் போனேன். நல்ல பிள்ளை, ஆனால் எதற்கும் பதறுவார். பெட்டி மாறிய கதையைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ அம்மா! ஞாயித்துக்கிழமை நானே திருத்தி அறிவிச்சிடறேன். சீட்டை விண்ணப்பத்துக்கு மாத்திக்கலாம்."

சீட்டைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பெட்டியை மாற்றினால் சீட்டில் திருத்த வேண்டியது எதுவுமில்லை. அதே நான்கு சொற்கள் அப்படியே அங்கேயும் போகும். உங்களுக்காக எழுதிய அந்த ஐந்தைத் தவிர, இத்தனை வருடமும் நான் கடவுளுக்கு எழுதியது கோரிக்கை அல்ல, சோதனைக் குழாயில் ஒட்டுகிற சீட்டு என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் நான் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. தகவல் மட்டும் தந்திருக்கிறேன். நம்பியிருந்தால் கேட்டிருப்பேன் அல்லவா?

"நீங்க ஒண்ணும் அறிவிக்க வேணாம். நானே சொல்லிக்கிறேன்" என்று ஆயரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். நான் சாட்சி சொல்ல எழுந்தது அந்தச் சபையில் அதுவே முதல்தடவை. பின்வரிசையில் யாரோ, "யாரை ஏசப் போறாங்களோ" என்றது எனக்குக் கேட்டது. நான் சொன்னது இவ்வளவுதான்: "முடிவு இன்னும் வரவில்லை. சீட்டை மாற்றிப் போட்டது நான். சாலொமியின் உபவாசம் இனிமேல்தான் தேவைப்படும். கேசரியைத் திருப்பித் தர இயலாது, சாப்பிட்டாகிவிட்டது. ஆனால் சொன்ன ஸ்தோத்திரத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. அது முடிவுக்காக என்று நீங்கள் நினைத்தீர்கள். முடிவு எதுவானாலும் அதை நான் வாங்கப்போகும் நாளில் என்னோடு அவர் வருவார் என்பதற்காக என்று இப்போது நான் வைத்துக்கொள்கிறேன்."

சபை சிரித்தது. சாலொமி மட்டும் அழுதாள். அவள் எதற்கும் அழுவாள்.

முடிவு வந்துவிட்டதாகத் தொலைபேசி வந்த நாள் பௌர்ணமி. அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை போலும். ஆட்டோக்காரர் எவரும் ஊருக்குள் வர ஒப்பவில்லை. கிரிவலம் வந்த கூட்டம் தெருக்களை நிறைத்திருந்தது. மாலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். என் வழியும் அவர்கள் வழியும் கொஞ்ச தூரம் ஒன்றாக இருந்தன. கையில் தண்ணீர் பாட்டிலுடன் என் பக்கத்தில் வந்த ஒரு பெண் என் காலைப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க பெரிம்மா? செருப்போட சுத்துறீங்களே?"

"நான் சுத்தலம்மா. டாக்டர்கிட்ட ரிப்போர்ட் வாங்கப் போறேன்."

"அப்படியா? பயமாக் கீதா?"

யாரும் என்னை அப்படி நேராகக் கேட்டிருக்கவில்லை. "இருக்குது" என்றேன். அவள் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். மருத்துவமனை திரும்புமிடம்வரை அவள் என் வேகத்துக்கு நடந்தாள். பிறகு கூட்டத்தோடு போய்விட்டாள். கூட வருபவர் எந்த முகத்தில் வருவார் என்று நான் சாட்சியில் குறிப்பிடவில்லை. அதை அவரிடமே விட்டது நல்லதாயிற்று.

மருத்துவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "கெட்டதுன்னு சொல்ல முடியலம்மா. நல்லதுன்னும் உறுதியாச் சொல்ல முடியல. மூணு மாசம் கழிச்சு திரும்ப ஊசி போட்டுப் பாக்கலாம். அதுவரைக்கும் வழக்கம்போல இருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. நல்லதோ கெட்டதோ, ஒரு பதிலை வாங்கிக்கொள்ளத் தயாராகப் போனவளுக்குக் கிடைத்தது இன்னொரு காத்திருப்பு. முன்பாயிருந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பேன். அன்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து, மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எல்லோரும் கேட்டார்கள். "தெரியவில்லை" என்றேன். அந்தச் சொல்லை இவ்வளவு நிம்மதியாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

கட்டி அப்படியே இருக்கிறது. தடவிப் பார்ப்பதை ஒரு நாளைக்கு ஒரு முறையாகக் குறைத்திருக்கிறேன். பெட்டிகளைப் பழையபடி மாட்டித் தரட்டுமா என்று ஆயர் கேட்டார். வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். மூன்று மாதம் கழித்து முடிவை வாங்கப் போகும் முன்பே இரண்டு சீட்டு போடுவேன். ஒன்றில் நான் பிழைக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பேன். இன்னொன்றில் நன்றி என்று எழுதுவேன். இரண்டிலும் ஆண்டவரே என்று தொடங்குவேன். உங்கள் பத்தொன்பது வருடக் குறை தீரட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, எதை எங்கே போடுகிறேன் என்று பார்த்தே போடுவேன்.

கடைசிவரை உங்களுக்கு அடங்காத, ஆனால் கடலையை ஆறவிடாமல் சாப்பிட்ட உங்கள் நாத்தனார்,
எஸ்தர்