சத்தமில்லாத கம்ப்யூட்டர்

ஜூலை 1, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து ஜன்னல் திறக்கவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு இருநூறடியில். துடைத்த மேசையில் ஒரு மணி நேரத்தில் விரலால் பெயர் எழுதலாம்.

பெரம்பலூர் கடையில் சொல்லிவைத்த சாமான் எல்லாம் பஸ் பார்சலில் வந்துவிட்டது. கேபினட், மதர்போர்டு, ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், பவர் சப்ளை, ப்ராசசர் சூட்டைத் தணிக்கிற கூலர். மூன்று மாதமாகப் படித்துத் தேர்ந்தெடுத்தவை. எடிட்டிங்குக்கு வேகம் வேண்டும், சத்தம் வரக் கூடாது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பிரிக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். இவர் ஷூ மாட்டிக்கொண்டே, "செவ்வாக்கெழமை புதுசா ஒண்ணும் ஆரம்பிக்காத" என்றார். ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலை, இந்த வாரம் மதிய ஷிப்ட். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த மனுஷன்.

"நாளைக்கு அஷ்டமிம்பீங்க, அப்பறம் நவமிம்பீங்க."

"எதுக்கும் ஒரு நாள் பொறுத்துப் பண்ணு. ஓடியா போயிடும்?"

ஸ்டுடியோ குமரேசன் அண்ணன் போன். வேப்பந்தட்டை கல்யாண வீடியோ. ஆடி அழைப்புக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வரும்போது சொந்தம் எல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஆடி ஒன்று 17ஆம் தேதி. "வூட்ல முடியலன்னா சொல்லிடும்மா. பெரம்பலூர் வந்து ஸ்டுடியோ சிஸ்டத்துல உக்காந்து முடிச்சிட்டுப் போ. அதுவும் முடியலன்னா வேற ஆளு பாத்துக்குறேன். கோச்சுக்காத."

போக வர ரெண்டரை மணி நேரம் பஸ். பாப்பாவை விட்டுவிட்டு நாள் முழுக்க. மார்ச்சுக்குப் பிறகு அரை மணி நேரம்கூட விட்டதில்லை.

வேலையையும் விட முடியாது.

ஜூலை 3, வியாழன்

வெயில். காற்று குறையவில்லை.

பாப்பா மதியம் தூங்கிய இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி பூட்டினேன். ப்ராசசரை வைத்து லீவரை அழுத்தும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பயந்தேன்.

- ப்ராசசர் மேல் வைக்கிற பேஸ்ட் பட்டாணி அளவு. சரி.
- கூலர் அடியில் பிளாஸ்டிக் தாள் உரித்தாகிவிட்டது. சரி.
- ரேம் 'டக்' என்று உட்கார்ந்தது. சரி.
- பக்கக் கதவு மூடவில்லை.

கூலர் அரை விரல் உயரம் அதிகம். கூலர் டப்பாவில் அளவு போட்டிருக்கிறது. கேபினட் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. இரண்டையும் படித்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

அத்தை முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமியார். முன்னறை முழுக்க அவருடைய தையல்தான், மோட்டார் வைத்த மிஷின், ஜாக்கெட் குவியல்.

"பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு வுட்டா மூடுமா?"

"இது ஜாக்கெட் இல்லத்தை."

"அளவு எடுக்காம வெட்டுனா எதுவா இருந்தா என்ன."

கூலரைக் கழற்றி டப்பாவில் வைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கூலர் மாற்றப் பெரம்பலூர். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு. குல்லா, சாக்ஸ், பையில் தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, வலிப்பு வந்தால் கொடுக்கச் சொன்ன மருந்து, டாக்டர் சீட்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா: "இந்த வெக்கையில ஏம்ப்பா புள்ளைக்குக் குல்லா? மண்டை வெந்துரும்." கழற்றினேன். அவர் இறங்கியதும் மறுபடி போட்டேன்.

கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "சார் வரலீங்களா?"

"நான்தான் பூட்டுறேன்."

"யூடியூப் பாத்தா? சரி சரி. கேமுக்கா?"

"எடிட்டிங். கல்யாண வீடியோ. சத்தம் வரக் கூடாது."

குட்டையான கூலர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "எடிட்டிங்குன்னா ஹெட்போன் மாட்டிட்டுத்தானம்மா உக்காருவீங்க. அப்பறம் சிஸ்டம் சத்தம் போட்டா என்ன, போடாட்டி என்ன?"

"குழந்தை தூங்கணும்" என்றேன்.

"ஓ, அதுக்கா."

அதற்கு இல்லை.

ஜூலை 5, சனி

கதவு மூடிவிட்டது. ஆன் செய்தேன், திரை கறுப்பு. ஒரு மணி நேரம் ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, மதர்போர்டில். இவரிடம் சொல்லவில்லை.

மாற்றியதும் வந்தது. ஓடுகிறதா என்று கேபினட் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. சந்தோஷம் பத்து நிமிஷம் நின்றது. பிறகு கடைக்காரர் கேட்டது ஞாபகம் வந்தது.

இங்கே எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் சொன்னதில்லை.

மார்ச்சில் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது நான் நாலடி தள்ளி இதே நாற்காலியில் இருந்தேன். அத்தை ஏதோ எடுக்க உள்ளே வந்தார், அவர்தான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னது: அந்தப் பழைய கம்ப்யூட்டர் போடுகிற இரைச்சலில் புள்ளை சத்தம் கேட்கவில்லை. அத்தை சொன்னார், இவர் சொன்னார், எங்கள் அம்மா வந்து அதையே சொன்னார். டாக்டர் மட்டும் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வருவதுதான், வளர வளரப் போய்விடும் என்றார்.

இரைச்சல் இருந்தது. ஆனால் என் இரண்டு காதிலும் ஹெட்போன் இருந்தது. நாதஸ்வரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு மேல் இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

இவர் "சத்தமே இல்லாத கம்ப்யூட்டரா வாங்கிக்க" என்றபோது சரி என்றேன். மூன்று மாதத்தில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன் போல.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு பயம்: தூசு, பாப்பா விரல். அத்தை மிஷினில் லைனிங் துணி இரண்டு மடிப்பு வைத்து, எலாஸ்டிக் கொடுத்து, கேபினட்டுக்கு முன்னும் மேலும் வருகிற மாதிரி உறை தைத்தேன். கச்சிதம். தூசு ஒரு துளி போகாது.

பாப்பா தெர்மாமீட்டரில் 98.2. ஒரு தும்மல்.

ஜூலை 8, செவ்வாய்

கம்ப்யூட்டர் கத்துகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, சோதித்துப் பார்க்க ஒரு பழைய வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்த மூன்றாம் நிமிஷம் மாவு மில் மாதிரி. சூடு 96 டிகிரி. பழைய கம்ப்யூட்டரே தேவலாம்.

- பேஸ்ட் துடைத்து மறுபடி போட்டேன். 95.
- ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். தானாக அணைந்துவிட்டது.
- குட்டைக் கூலர் போதவில்லையோ. கடைக்காரர் போன் எடுக்கவில்லை.

குமரேசன் அண்ணன் இரண்டு மிஸ்டு கால். இவர் சாப்பிட்டுக்கொண்டே, "நல்ல நாளு பாத்து ஆரம்பிச்சிருக்கலாம்." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

96. மூன்றாவது முறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். அழுகை வந்தது. அத்தை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்கும் ஸ்வெட்டர் போட்டு வுட்டுட்டியா?"

"என்னத்தை?"

"இந்தத் துணிய. நானே தையல்காரி, எனக்கே மூச்சு முட்டுது பாத்தா."

உறையைக் கழற்றினேன். அதே வீடியோ, அதே எக்ஸ்போர்ட். 71. சத்தம் இல்லை.

நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்தவள் நான். அத்தை சிரிக்கவாவது செய்திருக்கலாம். "பொத்தான் வைக்கணும்" என்று போய்விட்டார். பாப்பாவின் குல்லாவை யாரும் எதுவும் சொல்லாமலேயே கழற்றி வைத்தேன்.

இனி வாரம் ஒரு முறை தூசு ஊத வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 10, வியாழன்

இன்று வேலை தொடங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அறை அவ்வளவு அமைதி. பாப்பா மூச்சு ஒவ்வொன்றும் கேட்கிறது. ஒன்று கொஞ்சம் நீண்டால் கை நின்றுவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் நாலு துண்டு வெட்டினேன். ஹெட்போன் மாட்டவே முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் மேளச் சத்தத்துக்கு எழுந்துவிடுகிறாள். ஒரு காதில் மட்டும் மாட்டினால் எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று தெரியவில்லை.

முன்னறையில் அத்தை பக்கத்தில் படுக்கவைக்கலாம். ஆனால் வாசல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது, ரோட்டுத் தூசு, ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள். என் கண்ணில் படாமல் வேண்டாம்.

குமரேசன் அண்ணன்: "தாலி கட்டுறது வரைக்குமாச்சும் நாளான்னிக்கு அனுப்பு. இல்லன்னா சனிக்கெழம சாயந்தரம் வேற ஆளுகிட்ட குடுத்துருவேன்."

இவ்வளவு பாடுபட்டு அமைதியான ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்து நகம் கடிக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். "அன்னிக்கு ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டியிருந்தேன்த்தை. கம்ப்யூட்டர் சத்தம் இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு தடவ கூப்புட்டுதான உள்ள வந்தேன். நீ திரும்பல. காதுல பெருசா மாட்டிருக்க, கண்ணு தெரியாதா எனக்கு."

"அப்பறம் ஏன் எல்லாருட்டயும் கம்ப்யூட்டர் சத்தம்னு சொன்னீங்க?"

தண்டைக் கிள்ளிப் போட்டார். "பின்ன என்னன்னு சொல்றது. ஒங்கம்மா நிக்கிறாங்க, இவன் வேலைய போட்டுட்டு ஓடியாந்து நிக்கிறான். ஒனக்கு இனிமே வேலை வேண்டாம்னுட்டாங்கன்னா? எஞ்சோலி எனக்கு இருக்கு, ஒஞ்சோலி ஒனக்கு வேணாமா."

கிள்ளிய தண்டுகளை ஒதுக்கிவிட்டு, "அதுக்காவ இப்புடி ஒரு கம்ப்யூட்டர வாங்குவீங்கன்னு நெனைக்கல" என்றார்.

இன்னொரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து ஆய்ந்தேன்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

மதியம் பாப்பா தூங்கியதும் முன்னறையில் தரதரவென்று ஒரு சத்தம். அத்தை தையல் மிஷினை என் அறைக்கு இழுத்துக்கொண்டு வருகிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பாப்பாவைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டார்.

"நாலு மணி வரைக்கும் இங்கதான். ஜாக்கெட் வாங்க வந்தா கூப்புடட்டும். நீ மாட்டிக்க."

"சத்தத்துல எழுந்துருவாத்தை."

"இவ அப்பனே இந்தச் சத்தத்துலதான் தூங்கி வளந்தான்."

மோட்டாரைப் போட்டார். கடகடவென்று அறையே ஆடியது. பாப்பா ஒரு முறை புரண்டாள். தூங்கினாள். சத்தம் வராத கம்ப்யூட்டர் என் மேசையில் சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு காதிலும் மாட்டினேன்.

முதலில் நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பிறகு கவனித்தேன், மிஷின் அதிர்வு தரை வழியாக என் பாதத்துக்கு வருகிறது. நின்றால் மட்டும் திரும்பினால் போதும். மாப்பிள்ளை அழைப்பு, மாலை, தாலி கட்டுவது வரை வெட்டி, நாதஸ்வரம் சரிசெய்து, நாலு மணிக்கு முன்னால் அனுப்பியாகிவிட்டது.

அதிர்வு இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அத்தை ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.