சிரிப்பு வராத இடம்

உன் மைக்கின் பஞ்சு உறையில் இன்னும் கிராம்பு வாசனை அடிக்கிறது. போன மாதம் உன் மனைவி ஸ்டெல்லா அதை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "வூட்ல இருந்தா பாத்துப் பாத்து அழுவுறேண்ணா. நீங்களே எடுத்துனு போங்க" என்றாள். வாசல் வரை வந்தவள், "அந்த பேண்டு படம் வருதாமே. அவரு இருந்தா மொத நாளே போய் நின்னுருப்பாரு" என்றாள். வீட்டில் பையைத் திறந்தேன். கிராம்பை மென்றபடி முகத்தருகே வந்து பேசுவாயே, அந்த மூச்சு கன்னத்தில் பட்டதுபோல் இருந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

தியேட்டர் வாசலில் எத்தனை படங்களுக்கு நின்றிருப்போம்! வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி நீ கருத்துக் கேட்பாய். நான் செல்போனில் படம் பிடித்து நெட்டில் போடுவேன். என் இடப்பக்கம்தான் எப்போதும் உன் இடம். சிரிப்புப் படமாக இருந்தால், நன்றி சொல்லி அனுப்பும் நேரத்தில் இன்னொன்றும் கேட்பாய்: "எந்த எடத்துல சிரிப்பு வரல?" கிளம்பப் போனவர் நின்றுவிடுவார். "சிரிச்ச எடத்த யாரு வேணா சொல்லிடுவான்டா. சிரிக்காத எடத்தச் சொல்லத்தான் யோசிக்கணும்" என்பாய்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். கருத்துக் கேட்க வருவதற்கு முன்னால் நாம் ஒரு ராக் பேண்டு அல்லவா? நீ டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். குருசுக்குப்பத்தில் உன் வீட்டு மாடியில் வாசித்துப் பழகும்போது, கீழே வலை உலர்த்துகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இன்னா ஆச்சு மேல?" என்று கேட்பார்கள்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாதிப் பாட்டில் பெண்ணின் அப்பா மேடையேறி, "நீங்க சாப்புடுங்க தம்பிங்களா, நாங்க செல்லுல பாட்டு போட்டுக்கறோம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். பாடுகிறவனும் கிட்டார்காரனும் அங்கேயே பேண்டை முடித்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டிரம்ஸ்காரனால் அப்படிப் போக முடியாது. நீ உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினாய். டிரம்ஸோடு சேர்ந்த ஒரு பித்தளைத் தட்டு கைதவறி விழுந்து பந்திக்குள் உருண்டோடியது. நீ அதன் பின்னால் ஓடினாய். சாப்பிடுகிறவர்கள் காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்கள்.

பெரிய டிரம்மை நான் தூக்கிக்கொள்ள, தட்டுகளை நீ அணைத்துக்கொள்ள, தெருவில் ஆட்டோவுக்கு நின்றோம்.

"இத படமா எடுத்தா ஜனங்க வுழுந்து வுழுந்து சிரிப்பாங்கடா" என்றாய்.

"நீ சிரிப்பியா?"

"மத்ததுக்கெல்லாம் சிரிப்பேன். அந்தத் தட்டு உருளுற எடத்துல மட்டும் எனக்கு வராது."

பிறகு உன் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் உன் குரல் வெறும் காற்றாகிவிட்டது. நர்சோ, ஸ்டெல்லாவோ, நானோ, யாராக இருந்தாலும் தலையைச் சாய்த்து, காதை உன் வாயருகே கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்போம். புரிந்ததும் தலையாட்டுவோம்.

ஸ்டெல்லா சொன்னதற்காகத்தான் அந்த பேண்டு படத்துக்குப் போனேன். மேட்னி ஷோ. வாய்ப்பே கிடைக்காத நாலு பேரின் பேண்டு. மாட்டுப் பொங்கலுக்கு வாசிக்கப் போய், மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. நானும் சிரித்தேன். கடைசியில் பேண்டு உடைகிறது. மற்றவர்கள் போய்விட, டிரம்ஸ்காரன் மட்டும் சாமான்களைக் கழற்றுகிறான். ஒரு தட்டு தெருவில் உருண்டோட, அவன் துரத்துகிறான்.

எடுத்தவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்த பேண்டுக்கும் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் தியேட்டரே அதிரச் சிரித்தது. இருட்டில் அத்தனை வாய்களும் திறந்திருப்பதைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தேன். உன் பாதி வாழ்க்கை இந்த ஊருக்கு இவ்வளவுதானா?

முதல் ஆளாக வெளியே வந்து செல்போனை ஸ்டாண்டில் மாட்டினேன். அதன் வலப்பக்கம் மைக்கோடு நின்றேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, "செம ஜாலி, செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் இழுவை" என்றாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், "பா மால். மோசமில்ல. சத்தந்தான் ஜாஸ்தி" என்றார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "எங்க வூட்டுக்காரரும் இப்பிடிதான் கிட்டாரு வாங்கி பரண்மேல போட்டுட்டாரு" என்றாள்.

உன் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. மூவருக்கும் நன்றி மட்டும்தான் சொன்னேன்.

ஆனால் மூவருமே போகவில்லை. ஒரு கணம் நின்று, ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். கல்லூரிப் பெண்: "சிரிக்காததுன்னா, அந்தத் தட்டு உருளும்ல, அங்க." பெரியவர்: "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்தத் தட்டு ஓடுனப்ப நெஞ்ச அடச்சிச்சு." குழந்தைக்காரி: "அவரு ஓடும்போது எனக்கு சிரிப்பு வரலீங்க." மனசில் இருந்தது தானாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். நன்றி சொல்லும் வரை மூவரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அதன்பின் பார்வை ஸ்டாண்டின் இடப்பக்கம் போகிறது. தலை மெல்லச் சாய்கிறது. காதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலையாட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பேசுகிறார்கள். அந்த இடைவெளியில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். ஒரு பஸ் ஹாரன், யாரோ செருப்பை இழுத்து நடக்கும் ஓசை. வேறொன்றும் இல்லை. குழந்தை மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது, பேச்சு முடிந்த பிறகும்.

செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமலே எழுந்து போனேன்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் காட்டினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. மூன்று பேரையும் பார்த்தாள். அந்தப் பெரியவர் தலைசாய்க்கும் இடத்தைத் திரும்பப் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"ஆஸ்பத்திரில நாம இப்டிதானேண்ணா கேப்போம்" என்றாள்.

"பயமா இருக்கா?"

"எனக்கெதுக்கு பயம்? சனங்களுக்கு காது கேக்குதே, எனக்கு கேக்கலியேன்னு இருக்கு." முந்தானையால் செல்போன் திரையைத் துடைத்துக் கொடுத்தாள். "இத போடாதீங்கண்ணா. அதுக்கும் வந்து கருத்து சொல்லுவாங்க."

போடவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை வேறொரு படத்துக்கு மீண்டும் போய் நின்றேன். அது சண்டைப் படம். எல்லோரும் என்னைப் பார்த்தே பேசிவிட்டுப் போனார்கள். அப்பாடா என்றும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

இப்போதெல்லாம் நன்றி சொன்னதும் பதிவை நிறுத்தும் பொத்தானை நான் உடனே அழுத்துவதில்லை. எதிரில் நிற்பவருக்கு இன்னும் ஏதாவது கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் காத்திருப்புதான். அந்த வெள்ளிக்கிழமை ஸ்டாண்டை மடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வாசல் குறுகல், கூட்டம் முட்டிமோதித்தான் வெளியே வருகிறது. என்மேல் இடிக்கிறார்கள், ஸ்டாண்டைத் தட்டுகிறார்கள். ஆனால் அதன் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் மட்டும் அப்படியே இருந்தது. அவசரமாக வந்த ஒருவர் அங்கே வந்ததும் தோளை ஒதுக்கி, அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.