நாலு பல் பதிந்த டப்பா

உன் மகள் அனுப்பிய பார்சல் நேற்றுக் காலை கடைக்கு வந்தது. பாங்காக்கில் ஒருவர் கைமாறி, இன்னொருவர் பெட்டியில் ஏறி, ஒன்றரை மாதம் சுற்றிவிட்டு ரங்கூன் ஸ்ட்ராண்ட் ரோடு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே துணி சுற்றிய ஒரு பால்பவுடர் டப்பா. மூடி இல்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாலு ஓட்டை. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்தும் கொஞ்சம்போல வந்தது அந்த வாசம். கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு நிற்கக் கால் ஏது?

போட்டாதாங் படகுத்துறையில் ஒன்றாகக் குதித்துக் குளித்தவர்கள் நாம். நீ கப்பலேறிப் போனாய், அலாஸ்காவில் மீன் பதப்படுத்துகிற வேலையில் நிலைத்தாய், பர்மாக்காரி மா தின்னைக் கட்டிக்கொண்டாய். நான் அப்பாவின் கயிற்றுக்கடையிலேயே கிடந்தேன். போன் செய்தால் மற்ற சேதியெல்லாம் இரண்டு நிமிஷம், மிச்ச நேரம் முழுக்க அந்த மலை ஏரி. "ரோடு கெடையாது. தண்ணியில எறங்குற பிளேன்லதான் போகணும். வந்து பாருடா, பார்த்தப்புறம் செத்தாலும் பரவால்ல" என்பாய். எப்படியோ எனக்கு விசா கிடைத்தது. கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

அந்தச் சின்ன விமானம் நம்மை இறக்கிவிட்டுக் கிளம்பியதும் ஏற்பட்ட அமைதியில் என் காது அடைத்துக்கொண்டது. மூன்று பக்கமும் மலை, உச்சியில் பனி. தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரங்கூன் ஆற்றின் சேற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்த நான் அடி தெரிகிற தண்ணீரை நம்பவில்லை. "ஆழம் இவ்ளோதானா?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை விட்டேன். இடுப்புவரை உள்ளே போய்விட்டது. நான் குளிரில் அலற, நீ கரையில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

நடக்கப் போனால் முன்னால் நீ. புதர் அடர்ந்த திருப்பம் வந்தால் இரண்டு தடவை கைதட்டி, "ஐயா, வர்றோங்கய்யா" என்று குரல் கொடுப்பாய். யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். "கரடியாரை. கரடி இருக்கிற ஊர்ல வாயை மூடிக்கிட்டு நடக்கக் கூடாது. திடீர்னு பார்த்தாத்தான் அதுக்குக் கோவம் வரும்" என்றாய். சாப்பிடுகிற பொருள் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, பற்பசைகூட இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கெட்டிப் பெட்டியில் பூட்டி நூறு அடி தள்ளி வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டு என்ன செய்தேன்? கியாக்தானில் சொல்லிவைத்து இடித்து வாங்கிய ஙப்பி என் பையில் இருந்தது. அந்த உப்பு மீன் விழுது கிடைக்காமல் நாக்கு செத்துக் கிடப்பதாகப் போனில் புலம்பியவன் நீ. அதனால்தான் பால்பவுடர் டப்பாவில் அடைத்து, ஐந்து பிளாஸ்டிக் பை சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் காலை சுடுசோற்றோடு உன் முன்னால் வைத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முன்கூட்டிக் காட்டிவிட்டால் அந்த முகம் கிடைக்காது. இத்தனை விமானத்தில் ஒருத்தருக்கும் தெரியாத வாசம் கரடிக்கா தெரியப்போகிறது என்று, டப்பாவை என் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் செருகினேன்.

காலையில் நீ சோறு வைப்பதற்கு முன்பே மீன் கடிக்கிற நேரம் என்று கேனூவில் ஏற்றிவிட்டாய். நம் ஊர்ப் படகைச் சொல்வதுபோல் அதை நான் சாம்பான் என்றே சொன்னேன். துடுப்பை எப்படிப் பிடித்தாலும் திட்டினாய். முதல் ட்ரௌட் மீன் என் தூண்டிலில்தான் மாட்டியது. அதைத் தூக்கிக் காட்டியபோதுதான் உன் பார்வை என்னைத் தாண்டிப் போனது. கரையில், நம் கூடாரத்தின் மேல், பழுப்பாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. துணி கிழிகிற சத்தம் தண்ணீருக்கு மேல் தெளிவாகக் கேட்டது. என் தூங்கும் பையை வெளியே இழுத்து, உதறி, எதையோ கவ்விக்கொண்டு மேட்டில் ஏறிப் போனது.

நடு ஏரியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழையும் பிடித்துக்கொண்டது. உன் உதடு நீலமாகிவிட்டது. எதற்காக வந்தது, எதைக் கவ்விப்போனது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. நீயோ, "என் சட்டைப் பையில மிட்டாய் இருந்திருக்கும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உன்னைக் கூட்டிட்டு வந்து கொல்லப் பார்த்தேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கிழிந்த துணியைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு, விமானம் வரும்வரை இரண்டு நாள் அந்தக் கரையில் நடுங்கினோம்.

வீட்டில் மா தின்னிடமும் தப்பு உன்னுடையது என்றே சொன்னாய். அவள் நிதானமாக, "இனிமே அந்த ஏரிக்குப் போக வேண்டாம். ஞாபகம் தப்புற வயசாயிடுச்சு உங்களுக்கு" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை போன் பேசியிருப்போம். நீ ஏரி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு உலகத்திலேயே பிடித்த ஓர் இடத்தை, ஒரு டப்பா ஙப்பிக்காகவும் என் கோழைத்தனத்துக்காகவும் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். கடைசியாகப் பேசியபோது உனக்கு மூச்சு வாங்கியது. இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்து, இங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேசி முடித்தேன். பத்து நாளில் உன் சாவுச் சேதி வந்தது.

டப்பாவோடு ஒரு போட்டோவும் இருந்தது. ஏரிக்கரையில் நீ நிற்கிறாய், கையில் இந்த டப்பா, வாயெல்லாம் பல். உன் மகள் பர்மிய மொழியில் ஒரு துண்டு எழுதியிருந்தாள்: "மாமா, நீங்க வந்துட்டுப் போன அடுத்த கோடையில எடுத்தது. அப்பா இதைத் தூக்கிப் போடவே விடலை. பின்பக்கம் தமிழ்ல எழுதியிருக்கார். எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்லுங்க."

திருப்பினேன். உன் கோணல் எழுத்து.

"அடே, புளூபெரிப் புதர்ல கெடந்துச்சு. முக்கால்வாசி ஙப்பி அப்படியே இருக்கு. ஒரு கடி கடிச்சுத் துப்பிட்டுப் போயிருக்கு. நம்ம ஊர் சாப்பாட்டை இப்படி யாரும் கேவலப்படுத்தினதில்ல. நீயா சொல்ற அன்னிக்கு இதை எடுத்துக் காட்டுவேன். அதுவரைக்கும் கேக்க மாட்டேன்."

அடுத்த கோடையில். அந்த ஏரிக்கு நீ மறுபடி போயிருக்கிறாய். போனாய் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் கடையில் உட்கார்ந்தே அழுதேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

உன் மகளை அழைத்தேன். படித்துக் காட்ட வேண்டுமானால் முதலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னேன், ஒன்று விடாமல்.  அவள் சிரித்தாள், உன் சிரிப்பு. பின்னாலிருந்து மா தின்னின் குரல் வந்தது. "அந்தத் தூங்குற பையை மூணு தடவை துவைச்சேன். மூணு தடவையும் ஙப்பி நாத்தம். பர்மாக்காரி மூக்குக்கா தெரியாது? துவைச்ச அன்னிக்கே அவர்கிட்ட, உங்க ஞாபகத்துல கோளாறில்ல, அடுத்த வருஷமும் போங்கன்னுட்டேன்."

"அப்ப ஏன் அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க வெக்கப்படுவீங்கன்னார். ஏரிப் பேச்சை எடுத்தாலே நீங்க பேச்சை மாத்துவீங்களாம். வருஷா வருஷம் போனார். சாம்பலையும் அங்கதான் விட்டோம்."

ஏரிப் பேச்சைத் தவிர்த்தது நீ என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

டப்பாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்று மத்தியானம் த்வாண்டே போகிற படகுக்காரர் ஒருவர் கெட்டிக் கயிறு கேட்டு வந்தார். அது பின்னால், கரண்ட் இல்லாத இருட்டுக் கிடங்கில் இருந்தது. வாசலில் நின்று இரண்டு தடவை கைதட்டினேன். பன்னிரண்டு வருஷமாக இருட்டான இடம் எதிலும் இதைச் செய்யாமல் நான் நுழைவதில்லை.

"ஐயா, வர்றோங்கய்யா."

"உள்ள யாரு?" என்றார் அவர்.

வழக்கமாக, எலி இருக்கும் என்று சொல்லிச் சமாளிப்பேன். இன்று அவரை உட்காரவைத்து, டப்பாவை அவர் கையில் கொடுத்து, முதலிலிருந்து சொன்னேன்.