கூடம் கோணல்தான்

அனுப்புநர்:
மைதானக் காப்பாளர்,
மகளிர் சாஃப்ட்பால் மைதானம்.

பெறுநர்:
உயர்திரு விளையாட்டு அலுவலர் அவர்கள்,
விளையாட்டு அலுவலகம்.

பொருள்: இறுதிப் போட்டியில் பந்து வீசிய பெண்ணின் காலடி தவறென அறிவிக்கப்பட்டது – தவறு என்னுடையது – அவர்மீதான தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் புகார் கொடுப்பவனும் நானே, புகாருக்கு உள்ளானவனும் நானே. இருபத்தோராண்டுப் பணியில் என்மேல் ஒரு மெமோகூட வந்ததில்லை. அதனால் இதை எழுதும் முறை தெரியவில்லை, பிழை பொறுத்தருளவும்.

1. பந்து வீசுபவர் மிதித்து நிற்கும் ரப்பர் பட்டையின் நீளம் இருபத்து நான்கு அங்குலம். வீசும்போது முன்னே எடுத்து வைக்கும் கால், பட்டையின் இரு முனைகளிலிருந்தும் நேராகச் செல்லும் கோடுகளுக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் அந்த வீச்சு தவறு. இது தாங்கள் அறிந்ததே.

2. போட்டிக்கு முதல் நாள் பட்டையின் முனைகள் பிய்ந்து தொங்கின. பெரிய மனிதர்கள் வருகிறார்களே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இரு முனைகளையும் கத்தியால் சீராக நறுக்கினேன். நறுக்கிய இடத்திலிருந்தே சுண்ணாம்புக் கோடும் போட்டேன். அளந்து பார்க்கவில்லை.

3. நம் அணிக்குப் பந்து வீசியவர் சலவை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். எட்டி எட்டிக் கால் வைப்பதால் 'வெட்டுக்கிளி' என்போம். முன்காலை எப்போதும் வலது கோட்டை ஒட்டியே வைப்பார். விதிப்படி அதில் குற்றமில்லை. அன்று நடுவர் ஏழு முறை தவறென்று கை நீட்டினார். எதிரணிப் பெண் நட்டநடுவில் கால் வைப்பவர், தப்பித்தார். நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கோட்டைப் பார்த்தார். கோட்டைப் போட்டவன் நான்.

4. ஏழாம் முறை அப்பெண் நடுவரிடம், "என் கால் சரியாத்தான் விழுது சார், கோடுதான் உள்ள தள்ளி இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கயிற்றருகே நின்று, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று உரக்கச் சொன்னேன். மைதானமே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரிக்கும்படிதான் சொன்னேன். அப்பெண் பந்தைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார். ஆட்டத்தில் நம் அணி தோற்றது. நடுவரோடு வாதிட்டுப் பாதியில் வெளியேறியதாக அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. மாநில அணிக்கான தேர்வுப் பட்டியலிலிருந்தும் பெயர் அடிபட்டது.

5. சென்ற வாரம் கிடங்குக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அடைகொடுக்க எதையோ தேடியபோது, நறுக்கிய துண்டுகள் கையில் அகப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். ஓடிப்போய்ப் பட்டையை அளந்தேன். பத்தொன்பது. மூன்று தடவை அளந்தும் கூடவில்லை. கூடம் கோணல்தான் ஐயா. கோணலாக்கியவன் நான்.

6. சலவை நிலையத்துக்குப் போய் அப்பெண்ணிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அப்போ என் கால் சரியாத்தான் விழுந்துச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டார். இந்த இரண்டு மாதமாகப் படி இறங்கும்போதுகூடத் தன் காலைப் பார்த்தபடியே இறங்குகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் பட்டையை அளந்து பதித்துவிட்டேன். ஆனால் தேர்வுப் பட்டியல் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் தடையை நீக்கி, அவர் பெயரைத் திரும்பச் சேர்க்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என்மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். பழமொழியை ஊர் கேட்கச் சொன்னவன் நான். ஆகவே தடை நீக்க உத்தரவை அதே மைதானத்தில், ஒலிபெருக்கியில், என் வாயாலேயே வாசிக்க அனுமதி தர வேண்டும்.

இடம்: மைதானக் கிடங்கு
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
மைதானக் காப்பாளர்
(ஒப்பம்)

இணைப்பு: நறுக்கிய ரப்பர்த் துண்டுகள் இரண்டு. அளந்து பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன். வலது துண்டை அப்பெண் கேட்டிருக்கிறார்.