கொசுவைத் திட்டாதவர் வாக்காளர் இல்லை

நம் மன்னார்புரம் ஆபீசில் இன்று சாயங்காலம், "என்னா கொசுடா சாமி!" என்று யாரோ அலுத்துக்கொண்டு கொசுவத்தி ஏற்றினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், மாப்ளே. விஷயமே உன்னைப் பற்றியதுதான்.

நம் தொழிலை ஊரில் ஒருத்தருக்கும் விளக்க முடிந்ததில்லை. தேர்தல் வந்தால், ஃபேஸ்புக்கில் சனங்கள் பொதுவில் எழுதுவதையெல்லாம் அள்ளி, எந்தத் தொகுதியில் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது. "ஜோசியமா சார்?" என்பார் கீழே டீக்கடைக்காரர். "அதைவிட மோசம்ங்க" என்பாய் நீ.

அள்ளியதில் போலிக் கணக்குகள் மண்டிக் கிடக்கும். அவற்றைக் கழிக்க வழி கண்டுபிடித்தவன் நீதான். "கொசுவைத் திட்டாதவன் வாக்காளரே இல்லடா. தண்ணி வரல, கரண்ட் போச்சு, பாலக்கரையில வண்டி நகரலன்னு ஒரு தடவையாவது புலம்பியிருக்கணும். கட்சியை மட்டும் பேசுறது மனுஷன் இல்ல." அதையே சல்லடையாகக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தோம். விளையாட்டாக உன் கணக்கையும் அதில் போட்டுப் பார்த்தோம். நீதான் வாயைத் திறக்காத அழுத்தக்காரனாயிற்றே! வேலைக்காகப் பகிர்ந்த கட்சிச் செய்திகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. 'போலி' என்று வந்தது. "உசுரோட உக்காந்திருக்கேன், என்னையே இல்லைங்குது பாரு" என்று நீ சொல்ல, ஆபீசே சிரித்தது.

பிறகு ஒருநாள் நம் கணிப்பு அறிக்கையை வாங்க ஓர் ஆள் வந்தார். யார் ஜெயிப்பார் என்று அவர் கேட்கவே இல்லை. சல்லடையைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார். அவர் போன பின் நீ டீயைத் தொடவில்லை. "மனுஷனை நாம எப்படிக் கண்டுபிடிக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறான். இனிமே அதே மாதிரி புலம்புற போலி ஆளுங்களைச் செய்வாங்க" என்றாய்.

போன வாரம் ஸ்ரீரங்கம் பக்கத்துக் கணக்குகளைச் சலித்தேன். உன் பெயர் வந்தது. உன் படம்தான். முந்தின நாள் தேதியில், அம்மா மண்டபம் ரோட்டில் கொசு பிடுங்குகிறது என்று நீ புலம்பியிருந்தாய். குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறதாம். அதற்கடுத்து, ஒரு கட்சிக்கு ஆதரவாக இரண்டே வரி. "சரியாச் சொன்னீங்கண்ணே" என்று கீழே சனங்கள். சல்லடை உன்னை 'உண்மையான வாக்காளர்' என்று சேர்த்துக்கொண்டது.

நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "யாரோ பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க போலண்ணா. ஆனா புகார் பண்ணி மூட வச்சிடாதீங்க" என்றாள். ஏம்மா என்றேன். "காலைல எந்திரிச்சுப் பார்த்தா அவர் ஏதாவது புலம்பியிருக்கார். இருக்கிறப்பகூட இவ்வளவு பேசினதில்லண்ணா" என்று சொல்லி அழுதுவிட்டாள். புகாரை எழுதினேன், அனுப்ப மனசு வரவில்லை.

இன்று மத்தியானம் அவளே போன் செய்தாள். அந்தக் கணக்கிலிருந்து அவளுக்குத் தனியாகச் செய்தி வந்திருக்கிறது. "சாப்டியா? இந்தத் தடவை ஓட்டு யாருக்குப் போடப்போறே?"

"பதில் போடாதேம்மா" என்று கத்தினேன்.

"போட்டுட்டேண்ணா" என்றாள். "சாப்ட்டேன்னு."

புகாரை உடனே அனுப்பினேன். உன் கணக்கை ஃபேஸ்புக்காரன் இன்னும் மூடவில்லை. உன் சல்லடை மட்டும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, மாப்ளே. சாயங்காலம் கொசுவைத் திட்டிய குரல் கேட்டதும், எழுந்து போய் அது ஆள்தானா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.