உயர்த்திய கை

ஜூன் 1, சனி
கோயிலில் நான் கை காட்டி நடத்தும் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. குழுவில் பாடும் தபால்காரர் இன்றும் தாமதம். “ஊருக்கெல்லாம் நேரத்துக்குக் கொண்டு போறீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் பிந்துது?” என்றேன். சிரித்தார்கள்.
வலது கை மறுபடி நடுங்கியது. சால்வைக்குள் மறைத்தேன். கீழ்க்குரல் பாடும் ஆல்டோ வரிசையிலிருந்து மருமகள் பார்த்திருப்பாளோ? அவளுக்குக் கண் நாலு.

ஜூன் 2, ஞாயிறு
எழுதவே வெட்கம். நுழைவுப் பாட்டுக்கு ஆர்கன் முன்னிசை முடிந்தது. என் கை எழும்பவில்லை. இருபது பேரும் என் கையையே பார்த்து நின்றார்கள். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவராவது தொடங்கியிருக்கலாமே! முன்னிசை இன்னொரு முறை ஓடியபின் இடது கையைத் தூக்கினேன்.
வெளியே தபால்காரரைப் பிடித்தேன். “மரம் மாதிரி ஏன் நின்னீங்க?”
“உங்க கை அசையாம மூச்சு விட்டாக்கூடத் திட்டுவீங்களேம்மா.”
இதைத்தானே நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்
நடுக்கம் கூடத்தான் செய்யுமாம். டாக்டர் சொல்லிவிட்டார். வரும் ஞாயிறு பிஷப் வருகிறார்.

ஜூன் 5, புதன்
“அத்தை, கோபப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் கை காட்டட்டுமா?”
“நான் இன்னும் சாகலடி.”
முகம் சுருங்கிப் போயிற்று. கதவருகே போய்த் திரும்பினாள்: “மோசே கையையே ரெண்டு பேர் தாங்கினாங்க. அவர் ஒண்ணும் செத்துப் போகல.”
எனக்கே வேதபாடம்!

ஜூன் 6, வியாழன்
அவளை மடக்கத்தான் பைபிளில் விடுதலைப் பயணத்தைத் திறந்தேன். மோசே கை இறங்கினால் கீழே போரில் தோல்வி — தலைவி கையை இறக்கக் கூடாது என்பார் கான்வென்ட்டில் மதர். அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால் கை ஓய்ந்த மோசேக்குக் கல்லை எடுத்துப் போட்டு உட்காரவைத்தார்கள் என்றும் இருக்கிறது. இத்தனை வருடம் என் கண் எங்கே போயிற்று? அடுத்த அதிகாரத்தில் மோசேயின் மாமனார் வருகிறார்: தனியாகச் சுமக்காதே, நீயும் சோர்வாய், மக்களும் சோர்வார்கள். மோசே கேட்டுக்கொண்டார்.
மாமனார் சொல்லைக் கேட்கலாம். மருமகள் சொல்லை?
அவள் தாளத்தில் அவசரக்காரி. பிஷப் முன்னால் சிதறிவிட்டால்? சிதறாமல் — நன்றாகவே பாடிவிட்டால்?

ஜூன் 8, சனி
நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னைக்கு அவ கையைப் பாருங்க” என்றேன். யாரும் பார்க்கவில்லை. கையை ஒளித்தேன், என் புருவத்தைப் பார்த்தார்கள். கடைசியில் எழுந்துபோய் ஆல்டோ வரிசையில், அவள் இடத்தில் நின்றேன்.

ஜூன் 9, ஞாயிறு
அவள் கை எழுந்தது. கொஞ்சம் அவசரம்தான். எல்லோரோடும் மூச்செடுத்தேன்.
படியிறங்கும்போது தபால்காரர் காதோடு சொன்னார்: “ரெண்டாவது சரணத்துல நீங்க பிந்திட்டீங்கம்மா.”
முறைத்தேன். பிந்தியது உண்மைதான்.