அப்பன் மீனை அள்ளிய கை

மாப்பிள்ளை,

அன்றைக்கு உங்கள் செங்காங் வீட்டில் இருந்தவர்கள்: நீங்கள், என் மகள் செல்வி, தொட்டிலில் உங்கள் கைக்குழந்தை, என் தம்பி தங்கராசு, அவன் பெண்சாதி ராணி, நான். எனக்குப் படிப்புதான் ஏறவில்லை என்றால், மறதியும் ஏறவில்லை.

இன்று காலை மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நாட்டு வாதுமை இலை காய்ந்து கிடந்தது. நீங்கள் பொறுக்கிப்போய்ச் சண்டை மீன் தொட்டியில் போடுவீர்களே, அதே இலை. தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும். "அது பொறந்த எடத்துத் தண்ணி இப்படித்தான் இருக்கும், அத்தை. இருட்டா இருந்தாத்தான் அதுக்குப் பயம் இல்ல" என்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இலையை யார் குனிந்து எடுக்கிறார்கள்? கூட்டுகிறவர் தள்ளிக்கொண்டு போனார்.

அப்போது குழந்தைக்காக நீங்கள் வேலையை விட்டிருந்தீர்கள். செல்வி ஜூரோங்குக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். தம்பிக்கு அதுதான் உறுத்தல். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஆட்டுக்கறியை மேசையில் வைத்த கையோடு ஆரம்பித்தான்: "என்னா மாப்பிள்ளை, பொண்டாட்டி வேலைக்குப் போவுது, நீங்க புள்ளைக்கு நாப்பி மாத்துறீங்க. போங்க லா, ஆம்பள செய்ற வேலையா இது?"

நீங்கள் சிரித்தபடி மீன்தொட்டியைக் காட்டினீர்கள். ஆண் மீன் நுரையாலேயே கூடு கட்டியிருந்தது. அதன் அடியில் பெண் மீன் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "இதுலயும் அப்பன்தான் புள்ளைய பாத்துக்கும், மாமா." குழந்தை அழவே, பால் கலக்கச் சமையலறைக்குப் போனீர்கள்.

உப்புக்கல் போல விழுந்த முட்டைகளை ஆண் மீன் வாயில் கவ்வியது. தம்பி பார்த்துவிட்டான். "ஐயய்யோ, திங்குறான் பாரு! இவன்தான் புள்ளைய பாத்துக்குற அப்பனா?" என்று வலையால் அதை அள்ளிக் குவளையில் போட்டான். ராணி சிரித்தாள். செல்வியும் சிரித்தாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வருவதற்குள், தாய் மீன் கூட்டைக் கலைத்து முட்டைகளைத் தின்றுவிட்டது.

"அது திங்கல, மாமா. விழுந்தத வாயில எடுத்துக் கூட்டுல ஒட்டிவைக்கும். போட்டு முடிச்சதும் தாயத்தான் நாம எடுக்கணும்." உங்கள் குரல் உயரவே இல்லை.

"ஆத்தாள வெளிய அனுப்பிட்டு அப்பன் வீட்டுல உக்காந்துக்குவான். உங்க மீனுல்ல, உங்கள மாதிரிதான் லா இருக்கும்!"

மறுபடியும் சிரிப்பு. நீங்கள் எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்துவைத்தீர்கள்.

கிளம்பும்போது, லிப்டுக்கு நிற்கையில், செல்வியைத் தனியே கேட்டேன். "அது முட்டைய திங்காதுன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமாடி?"

"தெரியும்மா. போன தடவ பொம்பள மீன நான்தான் எடுத்துவிட்டேன்."

"அப்ப ஏன்டி மாமாவத் தடுக்கல?"

"இவரு வீட்டுல இருக்குறதே எனக்கு வெக்கமா இருக்கு. இதுல மீனுக்கு வேற பரிஞ்சு பேசணுமா?"

என் வயிற்றில் வளர்ந்த நாக்கு, மாப்பிள்ளை. உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட எனக்கு முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. படச் சட்டத்தைப் பார்த்தே வைக்கிறேன். ஒரு கையில் பிள்ளையோடு, மறுகை விரலால் அந்த வெறும் நுரையை நீங்கள் தொட்டுப் பார்த்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தம்பியை எப்போதோ மன்னித்துவிட்டேன். மீனைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ராணி, அவன் சிரித்தால் சிரிப்பவள். தெரிந்தே சிரித்தவள் ஒருத்திதான். நான் பெற்ற செல்வியை மன்னிக்கமாட்டேன்.